ஒரு திராட்சைக் குலையின் பயணம்

நாட்கள் வரும். அந்த நாட்களில் திராட்சைக் கொடிகள் முளைக்கும். ஒவ்வொரு கொடிக்கும் பத்தாயிரம் கிளைகள், கிளைக்குப் பத்தாயிரம் சிறுகிளைகள், சிறுகிளைக்குப் பத்தாயிரம் தளிர்கள், தளிருக்குப் பத்தாயிரம் குலைகள், குலைக்குப் பத்தாயிரம் பழங்கள். ஒரே ஒரு பழத்தைப் பிழிந்தால் இருபத்தைந்து குடம் ரசம் வரும். அடியார் ஒருவர் ஒரு குலையைப் பறிக்கக் கைநீட்டினால் பக்கத்துக் குலை கூவி அழைக்கும்: "நான் அதைவிட நல்ல குலை. என்னை எடுத்துக்கொள், என்னைக் கொண்டு ஆண்டவரைப் போற்று."

'குடம்' என்று நான் சொன்னது கிரேக்கத்தில் மெத்ரேதேஸ், ஏறத்தாழ 39 லிட்டர். கானா ஊர்க் கல்யாணத்தில் தண்ணீர் திராட்சரசமான கதையில் ஒவ்வொன்றும் 'இரண்டு மூன்று குடம்' கொள்ளும் ஆறு கற்சாடிகள் வருகின்றனவே, அங்கே யோவான் நற்செய்தி பயன்படுத்தும் அளவையும் இதுதான். ஆறு சாடிகளையும் விளிம்புவரை நிரப்பினாலும் பதினெட்டுக் குடத்தைத் தாண்டாது. வரப்போகும் காலத்தின் ஒற்றைத் திராட்சைப் பழமோ அதைவிட அதிகம் தரும்.

இந்தப் பேச்சு இயேசுவின் வாயிலிருந்து வந்தது என்று எழுதிவைத்தவர் பாப்பியாஸ். இன்றைய துருக்கியில், பமுக்கலேயின் வெண்ணிறச் சுண்ணப் படிகளுக்கு மேலே இடிபாடுகளாக நிற்கும் ஹியராபோலிஸ் நகரில் ஆயராக இருந்தவர். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவருடைய வாக்குகளை விளக்கி ஐந்து சுவடிகள் எழுதினார். அவை தொலைந்துபோயின. நமக்குக் கிடைத்திருப்பவை பிறர் எடுத்தாண்ட துணுக்குகள் மட்டுமே. இந்தத் துணுக்கைக் காப்பாற்றியவர், கி.பி. 180 வாக்கில் லியோன் நகரில் ஆயராயிருந்த இரேனேயுஸ். இயேசுவின் சீடர் யோவானைக் கண்ணால் கண்ட மூப்பர்கள், ஆண்டவர் இப்படிப் போதித்தார் என்று யோவான் சொல்லக் கேட்டதாக அவர் எழுதுகிறார். இது எப்படி நடக்கும் என்று காட்டிக்கொடுத்த யூதாஸ் நம்பாமல் கேட்டானாம். "அந்தக் காலத்துக்கு வந்துசேருகிறவர்கள் காண்பார்கள்" என்று பதில் கிடைத்ததாம்.

நான்கு நற்செய்திகளில் எங்கு தேடினாலும் இது கிடைக்காது. ஆனால் இதன் அண்ணன் வேறொரு வீட்டில் இருக்கிறான். பாருக்கின் வெளிப்பாடு என்று அழைக்கப்படும் யூத நூல் ஒன்று சிரியாக்கு மொழியில் முழுமையாகக் கிடைத்திருக்கிறது. எரேமியா தீர்க்கதரிசியின் எழுத்தரான பாருக்கு, பாபிலோனியர் எருசலேமை அழித்ததைப் பார்த்துப் புலம்புவது போல அது அமைந்திருக்கிறது. உண்மையில் கி.பி. 70-இல் ரோமர் ஆலயத்தை எரித்த பின்பு எழுதப்பட்டது. கடவுள் அனுப்புவார் என்று யூதர்கள் காத்திருந்த மீட்பரான மேசியா வெளிப்படத் தொடங்கும் காலத்தைப் பற்றி அதன் 29-ஆம் அதிகாரம் இப்படிச் சொல்கிறது: நிலம் பத்தாயிரம் மடங்கு விளையும், ஒரு கொடியில் ஆயிரம் கிளை, கிளைக்கு ஆயிரம் குலை, குலைக்கு ஆயிரம் பழம், ஒரு பழத்துக்கு ஒரு கோர் ரசம். ஒரு கோர் என்பது இருநூறு லிட்டருக்கும் மேல். அதோடு, படைப்பின் ஐந்தாம் நாளிலிருந்து காத்துவைக்கப்பட்ட லேவியாதான், பிகெமோத் என்ற இரண்டு பேருயிர்களும் மிஞ்சியிருப்போருக்கு உணவாகும், வானத்துச் சேமிப்பிலிருந்து மன்னா மறுபடி இறங்கும். இவற்றுக்கிடையே நூல் அமைதியாகச் சொல்லும் வரி ஒன்று உண்டு: பசித்திருந்தவர்கள் மகிழ்வார்கள்.

இன்னும் பின்னால் போனால் ஏனோக்கின் நூல் என்ற மற்றொரு யூத நூல். அதன் பழைய பகுதி கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பூமி தீமையிலிருந்து கழுவப்பட்ட பிறகு நடப்படும் கொடி நிறைந்து பலன் தரும், விதைத்த ஒவ்வொரு படிக்கும் ஆயிரம் படி விளையும், ஒரு படி ஒலிவம்பழத்தில் பத்துச் செக்கு எண்ணெய் வரும் என்கிறது அது. அதற்கும் முன்னால் ஆமோஸ் தீர்க்கதரிசி: மலைகள் திராட்சரசத்தைப் பொழியும் நாள் வரும். அதற்கும் அடியில், ஆதியாகமத்தில் ஈசாக்கு தன் மகன் யாக்கோபுக்குக் கொடுத்த ஆசி: மிகுந்த தானியமும் திராட்சரசமும். எபிரேயத்தில் 'மிகுதி' என்பது ரோவ். 'பத்தாயிரம்' என்பது ரிப்போ. இந்த ஒலி நெருக்கத்திலிருந்துதான் பத்தாயிரம் என்ற எண் முளைத்திருக்கும் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். இரேனேயுஸும் பாப்பியாஸின் சொற்களைத் தருவதற்குச் சற்று முன்பு ஈசாக்கின் ஆசியைத்தான் விளக்கிக்கொண்டிருக்கிறார். எனக்கு இந்த ஊகம் பிடித்திருக்கிறது.

தொடக்ககாலக் கிறிஸ்தவ எழுத்துகளில் யூத எதிர்பார்ப்புகள் எப்படி வாழ்ந்தன என்பதை விளக்க இந்த ஒரு குலையே போதும் என்று நினைக்கிறேன். கடன் வாங்கினார்கள், தழுவினார்கள் என்றெல்லாம் சொல்வது பொருந்தாது. பாட்டி வீட்டுப் பாத்திரத்தைப் பேத்தி கடன் வாங்கினாள் என்று யாரும் சொல்வதில்லை. முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் யூதர்கள். அவர்கள் எதிர்பார்த்தது யூதர்கள் எதிர்பார்த்ததைத்தான்.

அந்த எதிர்பார்ப்பு ஒன்றாக இருந்ததா? "யூதர்கள் போர்வீர மேசியாவை எதிர்பார்த்தார்கள், இயேசு வேறு விதமாக வந்தார்" என்பது பிரசங்கங்களில் அடிக்கடி காதில் விழும் வாசகம். இது பாதி உண்மைகூட இல்லை. கி.மு. 63-இல் ரோமத் தளபதி பொம்பேயுஸ் எருசலேமுக்குள் நுழைந்த அவமானத்துக்குப் பிறகு எழுதப்பட்ட சாலொமோனின் சங்கீதங்கள், அந்நியரைத் துரத்தும் தாவீதின் மகனைக் கேட்டன. அது உண்மை. ஆனால் சாக்கடல் ஓரத்தில் கும்ரானில் வாழ்ந்த குழுவினர், ஆரோன் வழியில் ஒருவரும் இஸ்ரவேல் வழியில் ஒருவருமாக இரண்டு மேசியாக்களை எதிர்பார்த்தார்கள். பாருக்கின் நூலோடு ஒட்டிப் பிறந்த நான்காம் எஸ்றா நூலில் மேசியா நானூறு ஆண்டுகள் மக்களை மகிழ்வித்துவிட்டு இறந்துபோகிறார். அவரோடு எல்லா மனிதரும் இறக்க, உலகம் ஏழு நாள் தொடக்ககால மௌனத்துக்குத் திரும்புகிறது. வேறு சில நூல்களில் மேசியாவே கிடையாது. கடவுள் தாமே வருகிறார்.

இந்த எழுத்துகளுக்கெல்லாம் அடிப்படையில் ஒரு கேள்வி இருக்கிறது. கி.மு. 167-இல் செலூக்கிய அரசன் நான்காம் அந்தியோக்கு எருசலேம் ஆலயத்தின் பலிபீடத்தைத் தீட்டுப்படுத்தினான், திருச்சட்டத்தைக் கடைப்பிடித்தவர்களைக் கொன்றான். சட்டத்தை மீறியதால் தண்டனை வந்தது என்றால் ஏற்றுக்கொள்ளலாம். சட்டத்தைக் கைவிட மறுத்ததற்காகவே ஒருவன் செத்தால், அவனுக்குரிய நீதி எங்கே? அந்த நெருக்கடியில் உருப்பெற்ற தானியேல் நூல்தான், மண்ணின் தூளில் உறங்குவோரில் பலர் விழித்தெழுவர் என்று எபிரேய வேதத்தில் முதன்முதலாகத் தெளிவாகச் சொல்கிறது. கடலிலிருந்து நான்கு மிருகங்கள் ஏறிவர, அவற்றின் ஆட்சி பறிக்கப்பட்டு, வானத்து மேகங்களோடு வரும் மனித சாயலான ஒருவரிடம் ஒப்படைக்கப்படும் காட்சியும் அந்நூலில்தான். உயிர்த்தெழுதல் என்பது மரணத்தைப் பற்றிய தத்துவ விசாரணையாகப் பிறக்கவில்லை. கொல்லப்பட்டவர்களுக்கு நியாயம் கேட்டுப் பிறந்தது. இதை மறந்துவிட்டால் புதிய ஏற்பாட்டில் ஒரு பக்கமும் சரியாகப் புரியாது.

கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள் துண்டு ஒன்று 1992-இல் அச்சேறியது. வானமும் பூமியும் செவிகொடுக்கும் 'அவருடைய மேசியா'வைப் பற்றிப் பேசும் அது, காயப்பட்டோரைக் குணமாக்குவார், இறந்தோரை உயிர்ப்பிப்பார், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிப்பார் என்று வரிசைப்படுத்துகிறது. சிறையிலிருந்த யோவான் ஸ்நானகன் "வருகிறவர் நீர்தானா?" என்று கேட்டனுப்பியபோது இயேசு சொன்ன பதிலை லூக்காவில் படித்துப்பாருங்கள்: குருடர் பார்க்கிறார்கள், இறந்தோர் எழுகிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது. ஏசாயாவின் 61-ஆம் அதிகாரத்தில் ஏழைகளுக்கு நற்செய்தி உண்டு, இறந்தோர் எழுவது இல்லை. சுருளிலும் லூக்காவிலும் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. மேசியாவின் காலத்தை எந்த அடையாளங்களால் கண்டுகொள்ளலாம் என்று அன்றைய யூதர்களிடையே ஒரு பேச்சு இருந்திருக்கிறது. யோவானின் ஆட்களுக்கு அந்த அடையாளங்களைச் சொன்னதே போதுமானதாக இருந்தது.

கடைசி இராவுணவில் இயேசு சொன்னதாக மாற்கு தரும் வாக்கும் இங்கே நினைவுக்கு வருகிறது. இறையாட்சியில் புதிதாகக் குடிக்கும் நாள்வரை திராட்சைக் கொடியின் பலனை இனிக் குடிப்பதில்லை என்கிறார். நற்கருணை வழிபாட்டுக்குப் பழகிய காதுகளுக்கு இது வெறும் உருவகமாகக் கேட்கலாம். ஏனோக்கின் கொடியையும் ஆமோஸின் மலைகளையும் அறிந்த கலிலேயக் குடியானவருக்கு அது மண்ணும் ருசியும் உள்ள வாக்குறுதி. அந்த இரவுக்குப் பிறகு எம்மாவு வழியில் நடந்த இரண்டு சீடர்கள், இஸ்ரவேலை மீட்பவர் அவரே என்று நம்பியிருந்தோம் என்று இறந்தகாலத்தில் பேசுகிறார்கள். அப்போஸ்தலர் நடபடிகளின் தொடக்கத்தில் உயிர்த்தெழுந்தவரிடம் சீடர்கள் கேட்ட ஒரே கேள்வியும், ஆண்டவரே, இக்காலத்திலா ராஜ்யத்தை இஸ்ரவேலுக்குத் திரும்பக் கொடுப்பீர் என்பதுதான். கேள்வி தவறு என்று அவர் சொல்லவில்லை. காலத்தை அறிவது உங்களுக்குரியதல்ல என்று மட்டும் சொன்னார்.

இன்று நம்மிடம் இருக்கும் கிறிஸ்தவ எழுத்துகளில் மிகப் பழையது, பவுல் கி.பி. 50 வாக்கில் கொரிந்திலிருந்து தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம். அதன் பின்னணி ஒரு துக்க வீடு. ஆண்டவர் சீக்கிரம் வருவார் என்று பவுல் சொல்லியிருந்தார். அதற்குள் சிலர் இறந்துவிட்டார்கள். அப்படியானால் அவர்கள் அந்த நாளைத் தவறவிட்டுவிட்டார்களா? பவுல் ஆறுதல் சொல்கிறார்: பிரதான தூதனின் குரலும் கடவுளின் எக்காளமும் ஒலிக்க, இறந்தவர்கள் முதலில் எழுவார்கள், பிறகு "உயிரோடிருக்கும் நாம்" மேகங்களில் எடுத்துக்கொள்ளப்படுவோம். எக்காளம், தூதன், மேகம் மூன்றும் யூத வெளிப்பாட்டு நூல்களின் பண்டங்கள். 'நாம்' என்ற சொல்லை மட்டும் கவனியுங்கள். தம் வாழ்நாளுக்குள் இது நடக்கும் என்று அவர் நம்பினார்.

பவுல், பரிசேயர் என்ற யூத சமயப் பிரிவில் வளர்ந்தவர். இறந்தோர் அனைவரும் ஒரே நாளில், காலத்தின் முடிவில் எழுவார்கள் என்பது பரிசேயர் நம்பிக்கை. அப்படியிருக்க ஒரே ஒருவர் மட்டும் முன்கூட்டியே எழுந்துவிட்டார் என்றால் அதன் பொருள் என்ன? விவசாயியின் சொல்லால் பவுல் விடை தருகிறார்: முதற்பலன். வயலில் முதலில் முதிர்ந்த கதிரை அறுத்து ஆலயத்துக்குக் கொண்டுபோவார்கள். முதல் கதிர் வந்துவிட்டால் அறுவடை தொடங்கிவிட்டது என்று பொருள், மீதிக் கதிர்களும் வந்தே தீரும். கிறிஸ்தவர்கள் யூத நம்பிக்கையில் செய்த பெரிய மாற்றம் இது ஒன்றுதான் என்று துணிந்து சொல்வேன். வரும் என்று எல்லோரும் சொன்ன ஒன்றை, தொடங்கிவிட்டது என்று இவர்கள் சொன்னார்கள். மற்ற எல்லாமே, எக்காளம் முதல் தீர்ப்பு வரை, இருந்தபடியே இருந்தது.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தைக் கிரேக்கத்தில் முடிக்கும் இடத்தில் பவுல் திடீரென இரண்டு அரமேயச் சொற்களை எழுதுகிறார்: மாரண தா. எங்கள் ஆண்டவரே, வாரும். கிரேக்கம் மட்டுமே தெரிந்த கொரிந்து மக்களிடம் மொழிபெயர்க்காமலே அதைச் சொல்ல முடிந்தது என்றால், எருசலேமின் முதல் கூட்டத்தார் சொன்ன மன்றாட்டு அப்படியே பரவியிருந்தது என்றுதான் கொள்ள வேண்டும். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் 'மாரநாதா' என்று ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்கிறார்கள். சொல்லும்போது அது இயேசுவின் தாய்மொழி என்று பலருக்குத் தோன்றியிருக்காது. இதே சொல் 'பன்னிரு அப்போஸ்தலரின் போதனை' என்ற சிறு நூலிலும் வருகிறது. 1056-இல் எழுதி முடிக்கப்பட்ட ஒரே பிரதியிலிருந்து 1883-இல் அச்சேறிய நூல் அது. அதிலுள்ள பந்தி மன்றாட்டு கிண்ணத்தைக் கையிலெடுத்து, "உம் ஊழியன் தாவீதின் பரிசுத்த திராட்சைக் கொடிக்காக உமக்கு நன்றி" என்கிறது. சிலுவை, இரத்தம், உடல் என்று ஒரு சொல்லும் அங்கே இல்லை. மலைகளில் சிதறிய கோதுமை ஓர் அப்பமானது போல உம் சபை பூமியின் எல்லைகளிலிருந்து ஒன்றுசேரட்டும் என்று அது தொடர்கிறது. சிதறிப்போன இஸ்ரவேலர் ஒன்றுசேர வேண்டும் என்ற பழைய மன்றாட்டின் சாயல் இது.

கி.பி. 70-க்குப் பிறகு இரு தரப்பினரும் ஒரே சாம்பலைப் பார்த்து எழுதினார்கள். நான்காம் எஸ்றா நூலில், கடலிலிருந்து பன்னிரு சிறகுகளும் மூன்று தலைகளும் உள்ள கழுகு எழும்புகிறது. ரோமின் சின்னம் கழுகு என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இது உன் சகோதரன் தானியேல் கண்ட நான்காம் அரசு, அவனுக்கு விளக்காததை உனக்கு விளக்குகிறேன் என்கிறார் கடவுள். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பத்மு தீவில், வெளிப்படுத்தின விசேஷ நூலை எழுதிய யோவான் என்பவர் கடலிலிருந்து எழும்பும் மிருகம் ஒன்றைக் கண்டார். சிறுத்தை, கரடி, சிங்கம் என்று தானியேலின் மிருகங்கள் எல்லாம் அதன் ஒரே உடலில் கலந்திருந்தன. எஸ்றாவில் மேசியாவின் காலம் நானூறு ஆண்டு, யோவானில் ஆயிரம். இருவரும் அதன் பிறகே புதிய உலகத்தை வைக்கிறார்கள். யோவானின் புதிய எருசலேமுக்குப் பன்னிரண்டு வாசல்கள், ஒவ்வொன்றிலும் இஸ்ரவேலின் ஒரு கோத்திரத்தின் பெயர். ஆனால் அந்த நகரத்தில் ஆலயத்தைக் காணேன் என்கிறார். எரிந்துபோன ஆலயத்தை நினைத்து எஸ்றாவும் பாருக்கும் அழுத காலத்தில் அந்த வாக்கியத்தை ஒரு யூதர் எழுதினார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்த இடத்தில் மனம் நின்றுவிடுகிறது.

காத்திருப்பு நீண்டது. ஆண்டவருக்கு ஒரு நாள் ஆயிரம் ஆண்டு போல என்று சங்கீதத்தை எடுத்துக்காட்டிச் சமாதானம் சொன்னது பேதுருவின் பெயரிலான இரண்டாம் கடிதம். படைப்பின் ஆறு நாட்களை ஆறாயிரம் ஆண்டுகளாகவும் ஓய்வுநாளை அதன்பின் வரும் இளைப்பாறுதலாகவும் பர்னபாவின் கடிதம் கணக்கிட்டது. கி.பி. 204 வாக்கில் தானியேலுக்கு உரை எழுதிய ஹிப்போலித்து, உடன்படிக்கைப் பெட்டியின் நீள, அகல, உயரங்களைக் கூட்டி ஐந்தரை முழம் என்று கண்டு, முழத்துக்கு ஆயிரம் ஆண்டாக, கிறிஸ்து உலகத்தின் 5500-ஆம் ஆண்டில் பிறந்தார், ஆறாயிரம் நிறைய இன்னும் நாள் இருக்கிறது, பதற்றம் வேண்டாம் என்றார். அவர் பதற்றத்தைத் தணிக்க முயன்றதற்குக் காரணம் இருந்தது. சிரியாவில் சபைத் தலைவர் ஒருவர், கிறிஸ்துவை எதிர்கொள்ள வாருங்கள் என்று பெண்கள், குழந்தைகளோடு மக்களைப் பாலைவனத்துக்கு அழைத்துப்போனார். மலைகளில் வழிதெரியாமல் திரிந்தவர்களைக் கொள்ளைக்கூட்டம் என்று எண்ணி ஆளுநர் ஒழித்துக்கட்ட இருந்தார். விசுவாசியான அவருடைய மனைவி பரிந்துபேசியதால் தப்பினார்கள். கருங்கடல் கரையிலுள்ள போந்து நாட்டில் வேறொருவர் கனவுகளை நம்பி ஓராண்டுக்குள் தீர்ப்பு நாள் என்று அறிவித்தார். மக்கள் வயலைத் தரிசாக விட்டார்கள், உடைமைகளை விற்றார்கள். ஆண்டு முடிந்தது. பெண்களுக்குக் கல்யாணம் நடந்தது, ஆண்கள் மறுபடி ஏர் பிடிக்கப் போனார்கள். இவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. சொன்னதை நம்பினார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்தது.

யூதர்களுக்கு இதே காத்திருப்பு மிகப்பெரிய விலையைக் கேட்டது. கி.பி. 132-இல் சிமோன் பார் கோசிபா ரோமை எதிர்த்து எழுந்தார். யூத சமய ஆசிரியரான ரபி அகிவா அவரை மேசியா அரசர் என்று அறிவித்து, விண்மீனின் மகன் என்று பொருள்படும் பார் கோக்பா என்ற பெயரை அவருக்கு உரியதாக்கினார். இன்னொரு ரபி சொன்ன மறுமொழி, ரபிகளின் பெருந்தொகுப்பான தல்மூதில் இருக்கிறது: "அகிவா, உன் தாடையில் புல் முளைத்த பின்னும் தாவீதின் மகன் வந்திருக்க மாட்டான்." அந்த எழுச்சியில் அடித்த காசுகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. புழக்கத்திலிருந்த ரோமக் காசுகளின் மீதே தங்கள் அச்சை அடித்தார்கள். சில காசுகளில் அடியிலுள்ள பேரரசரின் முகம் இன்னும் மங்கலாகத் தெரியும். முகத்தின் மேல் பதிந்திருப்பது என்ன? ஒரு திராட்சைக் குலை. சுற்றிலும் பழைய எபிரேய எழுத்தில், எருசலேமின் விடுதலைக்கு என்ற சொற்கள்.

135-இல் எல்லாம் முடிந்தது. எருசலேம் ஏலியா கப்பித்தோலினா என்ற ரோமக் குடியிருப்பானது, யூதர்கள் அதற்குள் கால்வைக்கக் கூடாது என்று ஆணை வந்தது. அதன் பிறகு நாப்லுஸில் பிறந்த யூஸ்தீன் என்ற கிறிஸ்தவர், அந்தப் போரிலிருந்து தப்பிவந்த திரிஃபோ என்ற யூதரோடு நடத்திய உரையாடல் ஒன்றை எழுதினார். அதில் ஓரிடத்தில் திரிஃபோ கேட்கிறார்: இந்த எருசலேம் மறுபடி கட்டப்படும் என்று நீங்கள் உண்மையாகவே நம்புகிறீர்களா, அல்லது வாதத்துக்காகச் சொல்கிறீர்களா? நம்புகிறேன், ஆயிரம் ஆண்டு அங்கே வாழ்வோம் என்கிறார் யூஸ்தீன். பக்தியுள்ள கிறிஸ்தவர்களிலேயே பலர் இதை ஏற்பதில்லை என்றும் நேர்மையோடு சேர்த்துக்கொள்கிறார். ஊரை இழந்தவரிடம் உன் ஊர் மறுபடி எழும் என்று சொல்லும் இந்த இடம் மனத்தைத் தொடுகிறது. ஆனால் அதே நூலில், உண்மையான இஸ்ரவேல் இனி நாங்களே என்றும் அவர் சொல்லிவிடுகிறார். வீடு மறுபடி எழும், பட்டா மட்டும் பெயர் மாறிவிட்டது.

பட்டா மாறிய பிறகு, பழைய உரிமையாளரின் நினைவே உறுத்தத் தொடங்கியது. மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன், உண்பதையும் குடிப்பதையும் கல்லால் கட்டிய எருசலேமையும் எதிர்பார்ப்பவர்கள் வேதத்தை யூதர் போல வாசிக்கிறார்கள் என்றார். எகிப்தில் நேப்போஸ் என்ற ஆயர் அந்த எதிர்பார்ப்புக்காக ஒரு நூல் எழுதியிருந்தார். அவர் இறந்த பிறகு அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியஸ், அர்சினோயே ஊரில் கிராமத்து மூப்பர்களோடு மூன்று நாள், காலை முதல் மாலை வரை உட்கார்ந்து அந்நூலை வரிவரியாக விவாதித்தார். நேப்போஸின் பாடல்களில் மக்கள் இன்னும் ஆறுதல் பெறுகிறார்கள் என்று மதிப்போடு சொல்லிவிட்டு மறுத்தார். கருத்து வேறுபாட்டை இப்படியும் கையாளலாம் என்பதற்கு அந்த மூன்று நாட்களைவிட நல்ல உதாரணம் அந்த நூற்றாண்டில் எனக்குத் தெரியவில்லை. அடுத்து வந்தவர்களிடம் அந்த மென்மை இல்லை. வரலாற்றாசிரியர் யூசேபியஸ் பாப்பியாஸை மிகச் சிற்றறிவு படைத்தவர் என்று ஒரு வரியில் தள்ளிவிட்டார். வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம், 304 வாக்கில் கொல்லப்பட்ட மறைசாட்சி விக்டோரினின் வெளிப்படுத்தின விசேஷ உரையைத் திருத்தியபோது ஆயிரம் ஆண்டு ஆட்சியைப் பற்றிய முடிவுப் பகுதியை வெட்டித் தம் சொந்த விளக்கத்தை ஒட்டினார். அந்த நம்பிக்கையாளர்களை 'நம்மிடையே யூதராகிறவர்கள்' என்று இகழ்ந்தார். தாமும் ஒரு காலத்தில் அதை நம்பியதாக ஒப்புக்கொண்ட ஆயர் அகஸ்டின், ஆயிரம் ஆண்டு என்பது இப்போது நடக்கும் சபையின் காலமே என்று விளக்கி விவாதத்தை மேற்கில் முடித்துவைத்தார். விக்டோரின் உண்மையில் எழுதிய முடிவு 1916-இல்தான் அச்சில் வெளிவந்தது.

அகஸ்டினின் விளக்கத்தில் அறிவு இருக்கிறது, மறுக்கவில்லை. நாள் குறித்து ஏமாந்த எத்தனையோ கூட்டங்களை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் 'யூதத்தனம்' என்ற ஒரே சொல்லால் ஒரு நம்பிக்கையைக் கறைப்படுத்த முடிந்ததே, அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. யூதத்தனம் இல்லாதது எது? உயிர்த்தெழுதல் யூதருடையது. தீர்ப்பு நாள் யூதருடையது. கிறிஸ்து என்ற சொல்லே மேசியா என்பதன் கிரேக்க வடிவம். நீ வேரைச் சுமக்கவில்லை, வேர்தான் உன்னைச் சுமக்கிறது என்று ஒட்டுப்போட்ட ஒலிவக் கிளைகளுக்குப் பவுல் ரோமரில் எழுதியது அந்தத் தலைமுறைகள் எல்லாம் வாசித்த வரிதான்.

இரேனேயுஸின் நூலுக்கும் அதே கத்தி வந்தது. லத்தீன் பிரதியெடுப்பாளர்கள் அதன் கடைசி அதிகாரங்களை விட்டுவிட்டார்கள். 1526-இல் எராஸ்மஸ் அதை முதன்முதலாக அச்சிட்டபோது அவை இல்லை. 1575-இல் வேறொரு கையெழுத்துப் பிரதியிலிருந்து அவை மீண்டும் சேர்க்கப்பட்டன. பாப்பியாஸின் குலை தப்பிப் பிழைத்தது அப்படித்தான்.

பாருக்கின் குலை தப்பிய கதை வேறு. ரபிகள் அந்த நூலைப் பாதுகாக்கவில்லை. ஏனோக்கு முதல் எஸ்றா, பாருக்கு வரை இந்த நூல்கள் சுமந்துவந்த எதிர்பார்ப்பு இரண்டு போர்களில் என்ன செய்தது என்பதைப் பார்த்த பிறகு அவர்களுக்கு அதில் ஆசை இருந்திருக்காது. ஏனோக்கு முழுமையாக வாழ்வது எத்தியோப்பியத் திருச்சபையின் கேயஸ் மொழியில். பாருக்கின் வெளிப்பாடு சிரியாக்கில் முழுமையாக இருப்பது ஒரே ஒரு பிரதியில். இன்று மிலான் நகரின் அம்புரோசிய நூலகத்தில் இருக்கும் அந்தப் பெரிய ஏடு ஆறாம் அல்லது ஏழாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சிரியாக்குப் பழைய ஏற்பாடு. அதை எழுதிய கிறிஸ்தவர், வேத நூல்களோடு பாருக்கின் வெளிப்பாட்டையும் நான்காம் எஸ்றாவையும் சேர்த்துக்கொண்டார். அவற்றோடு யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸின் யூதப் போர் வரலாற்றிலிருந்து ஒரே ஒரு பகுதியையும், ஆலயம் எரிந்ததைச் சொல்லும் ஆறாம் புத்தகத்தை, அதே ஏட்டில் எழுதிவைத்தார்.